சிறிய காருக்கு மாறினால் பணம் மிஞ்சுமா?

குடும்பச் செலவைக் குறைக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேசும்பொழுது, வாசலில் நிற்கும் காரின் மீது கண் செல்வது இயல்பு. "இந்தப் பெரிய வண்டி எண்ணெயைக் குடிக்கிறது, சிறியதாக ஒன்று வாங்கினால் மாதந்தோறும் பணம் மிஞ்சும்" என்னும் பேச்சைத் தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். 1994ஆம் ஆண்டில் பெரொடுவா நிறுவனத்தின் கஞ்சில் கார் வெளிவந்த காலந்தொட்டே சிறிய கார் என்றால் சிக்கனம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. கஞ்சில் என்பது மலாய் மொழியில் சருகுமானைக் குறிக்கும். 660 சி.சி. இயந்திரம் கொண்ட அவ்வண்டிக்கு அது பொருத்தமான பெயரே. ஆயினும், முதன்முதலாகக் கார் வாங்குகிறவர் சிறியதை வாங்குவது வேறு; கடன் தீர்ந்த பெரிய காரை விற்றுவிட்டுச் சிறிய காருக்கு மாறுவது வேறு. இரண்டாவதைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

கணக்கு விளங்கும் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். கணவர் தோட்ட அலுவலகத்தில் கிராணி. மனைவி அருகிலுள்ள பட்டணத்தில் ஒரு கடையில் பணிபுரிகிறார். வீட்டில் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளனர். அவர்களிடம் 1,998 சி.சி. கார் ஒன்று இருக்கிறது. அதன் கடன் முடிந்துவிட்டது. இன்று விற்றால் 15,000 வெள்ளி கிடைக்கும். மூத்த மகள் அடுத்த ஆண்டு பாலிடெக்னிக்கில் சேரவிருக்கிறாள். அவளுடைய கைச்செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் மாதம் 150 வெள்ளி வேண்டும். பெரிய காரைக் கொடுத்துவிட்டு 38,000 வெள்ளியில் 998 சி.சி. புதிய கார் வாங்கினால் அந்த 150 வெள்ளி கிடைத்துவிடும் என்பது தந்தையாரின் எண்ணம். கிடைக்குமா?

முதலில் பெட்ரோல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்க. பெரிய கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் சிறிய கார் 16 கிலோமீட்டரும் ஓடினால், முன்னதற்கு 100 லிட்டர் வேண்டும், பின்னதற்கு 62.5 லிட்டர் போதும். 2025 செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தில் ரோன் 95 பெட்ரோலின் விலை தகுதியுள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி என அறிவிக்கப்பட்டது. கணக்கின் எளிமைக்காக 2 வெள்ளி என்று கொள்வோம். விலை மாறினால் வாசகர்கள் திருத்திக் கொள்ளலாம். மிச்சம் மாதம் 75 வெள்ளி. ஆண்டுக்கு 900 வெள்ளி. இது மெய்யான மிச்சமே. ஆயினும் பலர் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரியதன்று.

அடுத்துச் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் வகைக் கார்களுக்கு 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி மட்டுமே. 1,998 சி.சி. காருக்கு 280 வெள்ளியும், 1,800 சி.சி.க்கு மேற்பட்ட ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசும் சேர்த்து 379 வெள்ளியாகிறது. வேறுபாடு 359 வெள்ளி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,401 முதல் 1,600 சி.சி. வரையுள்ள காருக்கு வரி 90 வெள்ளிதான். ஆகவே 1,500 சி.சி. கார் வைத்திருப்பவர் 1,000 சி.சி. காருக்கு மாறுவதால் வரியில் மிஞ்சுவது ஆண்டுக்கு 70 வெள்ளியே.

காப்புறுதியில்தான் பலர் ஏமாந்து போகின்றனர். சிறிய காருக்குக் கட்டணமும் சிறியதாக இருக்கும் என்று நினைத்து விடுகிறோம். கட்டணம் இயந்திரத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. காரின் மதிப்பையும் பொறுத்தது. 15,000 வெள்ளி மதிப்புள்ள பழைய பெரிய காரைவிட 38,000 வெள்ளி மதிப்புள்ள புதிய சிறிய காருக்குக் கட்டணம் கூடுதலாக வருவதே பெரும்பான்மை. 2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதிக்கு நிறுவனங்கள் தாமே கட்டணம் வகுக்க இடமளிக்கப்பட்டதால், இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நலம். இழப்பீடு கோராதவர்க்கு முதலாண்டு 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை உயரும் கழிவு, காரை மாற்றினாலும் உரிமையாளரோடு வரும். புதிய காருக்கு அதை மாற்றிக் கொள்ள மறக்கலாகாது. அந்தக் கழிவுக்குப் பின்னும் நம் எடுத்துக்காட்டில் ஆண்டுக்கு 200 வெள்ளி கூடுதலாகும் என்று வைத்துக் கொள்வோம்.

பழுதுபார்ப்பு, டயர், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றில் புதிய கார் ஆண்டுக்கு 1,000 வெள்ளி மிச்சந்தரும் எனத் தாராளமாகவே கொள்வோம். ஆக 900, 359, 1,000 ஆகியவற்றைக் கூட்டி 200ஐக் கழித்தால் ஆண்டுக்கு 2,059 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ 172 வெள்ளி. மகளுக்கு வேண்டிய 150 வெள்ளியை விட இது மிகுதியன்றோ! இவ்விடத்தில் கணக்கை முடித்துக் கொண்டு விற்பனை நிலையத்திற்குப் புறப்பட்டு விடுகிறவர்கள் உண்டு.

மாறுவதற்கான விலை இன்னும் கணக்கில் ஏறவில்லை. பழைய காரின் 15,000 வெள்ளியைக் கொடுத்தது போக 23,000 வெள்ளி கடன். ஏழாண்டு, ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வட்டி என்க. இந்நாட்டுக் கார்க் கடன்களில் நெடுங்காலம் வழங்கி வந்த முறைப்படி, கடன் குறையக் குறைய வட்டி குறையாது. தொடக்கத் தொகை முழுவதற்குமே ஆண்டுதோறும் 805 வெள்ளி வட்டி. ஏழாண்டில் வட்டி 5,635 வெள்ளி. கட்ட வேண்டியது 28,635 வெள்ளி. மாதத் தவணை 341 வெள்ளி. மிஞ்சுவது 172, போவது 341. மகளுக்கு 150 வெள்ளி அனுப்ப எண்ணிய குடும்பத்தில், மாதந்தோறும் 169 வெள்ளி பற்றாக்குறை புதிதாய்த் தோன்றுகிறது.

நியாயமாகப் பார்த்தால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழாண்டு முடிவில் சிறிய கார் 16,000 வெள்ளி பெறும், பெரிய காரை வைத்திருந்தால் அது 5,000 வெள்ளிதான் பெறும் என்று கொண்டால், 11,000 வெள்ளி நமக்குத் திரும்புகிறது. அதனைக் கழித்தால் மொத்த நட்டம் 3,222 வெள்ளிதான். ஏழாண்டுக்கு இது பெருந்தொகையன்று எனலாம். ஆனால் அந்தப் பணம் காருக்குள் பூட்டிக் கிடக்கிறது. காரை விற்கும் நாளில்தான் வெளிவரும். விடுதிக் கட்டணமோ ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேட்கப்படும். ஆகவே ஏழாண்டுக் கணக்கையும் மாதக் கணக்கையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது இன்றியமையாதது.

ஓட்டம் கூடினால் விடை மாறுகிறது. வேலைக்காக நாள்தோறும் நெடுந்தூரம் சென்று மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பமாயின், பெட்ரோல் மிச்சம் இரட்டிப்பாகி, ஏழாண்டு முடிவில் நட்டத்துக்குப் பதிலாக 3,000 வெள்ளியளவு இலாபம் தெரியும். அப்பொழுதும் மாதத் தவணையில் 94 வெள்ளி குறைவாகவே இருக்கும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சிக் கார் மாற்றுவதில் பொருளில்லை.

பெரிய காரின் கியர்ப் பெட்டி கெட்டுப் பட்டறைக்காரர் 5,000 வெள்ளி கேட்கும்பொழுதுதான் பலர் மாறத் துணிகின்றனர். ஐயாயிரம் என்றதும் நெஞ்சு பதறும். மாதம் 341 என்றால் பதறுவதில்லை. ஆனால் 5,000 வெள்ளி என்பது மேலே கண்ட பற்றாக்குறையின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுத் தொகையே. மேலும், பழுதான காருக்கு 15,000 வெள்ளி எவரும் கொடுக்கமாட்டார். இயந்திரமும் அடிப்பகுதியும் நன்றாயிருப்பின் பழுது பார்ப்பதே மேல் என்பது நம் கருத்து. அடிப்பகுதி துருவேறி, ஒவ்வோராண்டும் இத்தகைய செலவு வருமாயின் விற்றுவிடலாம்.

அப்படியானால் சிறிய காரால் மிச்சமே கிடையாதா? உண்டு. கடன் வாங்காமல், பெரிய காருக்குக் கிடைக்கும் அதே 15,000 வெள்ளிக்குள் நல்ல நிலையிலுள்ள பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினால், காப்புறுதியும் பழுதுபார்ப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பெட்ரோலிலும் வரியிலும் ஆண்டுக்கு 1,259 வெள்ளி, அதாவது மாதம் 105 வெள்ளி மிஞ்சும். உரிமை மாற்றம், தொடக்கப் பழுதுகள் ஆகியவற்றுக்கு 1,500 வெள்ளி ஒதுக்கினால் ஓராண்டும் சில மாதங்களும் சென்றபின் மிச்சம் கைக்கு வரத் தொடங்கும். வாங்குமுன் நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரை உடனழைத்துச் செல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஐம்பதோ நூறோ வீண்செலவன்று.

இடவசதியையும் மறத்தலாகாது. 2009 ஜனவரி முதல் பின்னிருக்கையிலும் வார்ப்பட்டை கட்டாயம். மூட்டுவலியுள்ள பாட்டியுடன் பிள்ளைகள் இருவர் சிறிய காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, மேடுபள்ளமான தோட்டச் சாலை வழியே மருத்துவமனைக்குப் போய் வருவதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். இடம் போதாமல் இரண்டு நடை போக நேரிட்டால் எண்ணெய் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். நம் குடும்பத்திலோ மூத்த மகள் விடுதிக்குச் சென்றபின் நால்வரே இருப்பர். இடநெருக்கடி குறையும், அவளைப் பள்ளிக்குக் கொண்டு விடும் ஓட்டமும் நின்றுபோகும். ஓட்டம் குறைந்தால் மாறுவதால் வரும் மிச்சமும் குறையும்.

ஆதலால் இன்றைய ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாமல், மூன்று மாதம் ஒரு குறிப்பேடு வைத்துப் பார்க்கலாம். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்க. மறுமுறை நிறைய ஊற்றும்பொழுது, ஓடிய தூரத்தை அன்று ஊற்றிய லிட்டரால் வகுத்தால் காரின் உண்மையான செலவு தெரியும். அதன் பக்கத்திலேயே பட்டறைச் செலவையும் எழுதி வருக. தவணை அட்டையைக் கேட்டு வாங்கும்பொழுது அந்தக் குறிப்பேடு கையில் இருக்கட்டும்.