கனாஷ்: நெய் பிரியக்கூடாத பதம்

நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு பதம் நல்லாத் தெரியும். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும்போது, ஓரத்தில் நெய் பிரிந்து வந்தால் அல்வா ஆகிவிட்டது, இறக்கலாம். மேலப்பாளையத்து பேக்கரிகளில் கேக் மேல் ஊற்றுகிற சாக்லேட் கலவைக்கு இது நேர் எதிர். அதில் நெய் பிரிஞ்சா கலவை கெட்டுப்போச்சு என்று பொருள். அதன் பெயர் கனாஷ், பிரெஞ்சுச் சொல். சாமான் இரண்டே: சாக்லேட், கிரீம்.

வேதியியலில் பால்மம் என்று படித்தோமே, அதுதான் இது. நீருக்குள் கொழுப்புத் துளிகள். பால் புரதமும், சாக்லேட்டில் சேர்க்கும் லெசித்தினும் அந்தத் துளிகளைச் சுற்றி நின்று ஒன்றோடொன்று சேரவிடாமல் காக்கின்றன. கொழுப்புக்கு வேண்டிய நீர் இல்லாவிட்டாலோ, சூடு மிஞ்சினாலோ அந்தக் காவல் உடையும். அப்படிப் பிரிந்ததை மறுபடி அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கிண்டினால் பெரும்பாலும் கூடிவரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உருக்கிய சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் பட்டாலே சீனியும் கோகோத் தூளும் ஒட்டிக் கட்டியாகிவிடும். அதே நீர், கிரீமாகத் தாராளமாகப் போனால் வழவழவென்று ஆகிறது!

கேக் மேல் ஊற்ற, எடைக்கு எடை சமம். உருண்டை பிடிக்க, சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம். நம் கடைகளில் டப்பாவில் வருவது பெரும்பாலும் 25 சதவீதம்தான். நீர் கூடுதல் என்பதால் அதைச் சற்றுக் குறைத்தே ஊற்றணும். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் விட்டு, இரண்டு நிமிடம் தொடாமல் வைத்துப் பிறகு கிண்ட வேண்டும்.

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். வாய்க்குள் 37 டிகிரி, அதனால்தான் நாக்கில் கரைகிறது. ஆனால் சித்திரை வெயிலில் நம்ம ஊர் அதையும் தாண்டிவிடுமே! ஆகவே பல கடைகளில் காம்பவுண்ட் பயன்படுத்துகிறார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. விலை குறைவு, வெயிலுக்கும் கொஞ்சம் தாங்கும், நாக்கில் மட்டும் மெழுகு மாதிரி நிற்கும். கேக்கைப் பைக்கில் வைத்துப் பாளையங்கோட்டை வரை கொண்டுபோய்க் கொடுப்பவரை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சாக்லேட் விலை வாங்கிக்கொண்டு இதைத் தருவதுதான் தப்பு. வீட்டில் செய்கிறவர்கள் உறையைத் திருப்பிப் பாருங்கள்: கோகோ வெண்ணெய் என்றிருந்தால் சாக்லேட், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் காம்பவுண்ட்.