வக்கீல் வாசலுக்குப் போகுமுன்

கண்ணா,

வேலைக்குச் சேர்ந்த சில மாதத்திலேயே சாப்பாட்டு விஷயத்தில் மேலதிகாரியோடு உரசல், வக்கீலைப் பார்க்கலாமா அத்தை என்று கேட்டிருந்தாய். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்து, அங்கே தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்தவள் நான். உன்னைப் போலக் கலங்கி வந்த பிள்ளைகளுக்குத் துணையாக எத்தனையோ வக்கீல் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டம் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நீ எப்படிப்பட்ட ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

1. முதலில் உன்னை நீயே விசாரித்துக்கொள்.
எதைச் சாப்பிட மாட்டாய்? முட்டை சேர்த்த கேக் ஆகுமா? இறைச்சி கிளறிய கரண்டியால் பரிமாறினால்? புரட்டாசியில் மட்டுமா, வருஷம் முழுக்கவா? வக்கீல் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் மட்டும் சைவமாக இருக்கும் ஒரு பையன், “மற்ற நாளில் கறி சாப்பிடுகிறவன் நான், எந்த முகத்தோடு கேட்பது?” என்று தயங்கினான். கூச்சமே வேண்டாம் என்றார் வக்கீல். 1964ஆம் ஆண்டின் அமெரிக்கச் சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, நீ நெஞ்சார நம்புகிறாயா என்றுதான் பார்க்கிறது. உன் மதத்தார் எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும் என்றோ, ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும் என்றோ கேட்பதில்லை. ஆகவே இருப்பதை விடப் பெரிய பக்திமானாக வேஷம் போடாதே. சின்ன விரதம் உண்மையாக இருந்தால் போதும்.

2. காரணத்தை வாய்விட்டுச் சொல்.
அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நம் பிள்ளைகள் “நான் வெஜிடேரியன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்கிறவருக்கு அது உடம்புக்காகவா, பழக்கமா, சாமிக்காகவா என்று எப்படித் தெரியும்? ஓட்டல் அடுக்களையில் வேலை பார்த்த ஒரு பையனை மாட்டிறைச்சிக் குழம்பை ருசி பார்த்து அனுப்பச் சொன்னார்கள். அவன் தினமும் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்தான். வேலைக்கு வணங்காதவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். ஒருநாள் “என் சமய நம்பிக்கைப்படி இதை நான் வாயில் வைக்கக் கூடாது” என்று தலைமைச் சமையல்காரரிடம் நேராகச் சொன்னான். பக்கத்து அடுப்புக்காரர் ருசி பார்ப்பது, அவருடைய சாலட் வேலையில் பாதியை இவன் செய்வது என்று அன்று மாலையே ஏற்பாடானது. வக்கீல் வரை போகவே வேண்டியிருக்கவில்லை.

3. மனவருத்தம் வேறு, வழக்கு வேறு.
ஆபீஸ் விருந்தில் சீஸ் பீட்சாகூட வைக்கவில்லை என்பது வருத்தம். அதற்கெல்லாம் கோர்ட் படி ஏற முடியாது. உனக்குச் சோறு போடுவது முதலாளியின் பொதுவான கடமை என்று சட்டம் சொல்லவில்லை. வேலையின் விதி ஒன்று உன் நம்பிக்கையோடு மோத வேண்டும். இறைச்சியை ருசி பார்த்தே ஆக வேண்டும் என்பது மோதல். தங்கிப் படிக்கும் பயிற்சியில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை போட்டு, உள்ளே நீ உண்ணக்கூடியது எதையும் வைக்காமல் விடுவது மோதல். ரமலானில் சூரியன் மறையும் நேரத்தில் நோன்பு திறக்க இடைவேளை தர மறுப்பதும் அப்படித்தான். கம்பெனியில் 15 பேராவது வேலை செய்தால்தான் இந்த மத்தியச் சட்டம் பேசும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உன் குறை எந்தப் பக்கம் என்று ராத்திரி தூங்கி எழுந்து யோசி. கோபத்தில் எல்லாமே வழக்காகத்தான் தெரியும்.

4. நடந்ததை நடந்த அன்றே எழுது.
எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி நோட்டு ஒன்று வைத்திருந்தாள். தேதி, மணி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார், தான் என்ன சொன்னாள், அவ்வளவுதான் இருக்கும். “கொடுமைக்காரி”, “பாவி” என்று ஒரு வசவு கிடையாது. அதைப் புரட்டிப் பார்த்த வக்கீலின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வாயால் கேட்டதை அன்றே ஹெச்.ஆருக்கு நாலு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடு. அதன் நகல் உன் கையில் இருக்கட்டும். ஆனால் கம்பெனியின் ரகசியக் காகிதங்களைச் சாட்சிக்கு என்று அள்ளிக்கொண்டு வராதே. யார் பேச்சையும் ரகசியமாகப் பதிவும் செய்யாதே. கலிபோர்னியா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் எல்லோர் சம்மதமும் இல்லாமல் தனிப் பேச்சைப் பதிவு செய்வதே குற்றம்.

5. கேட்பதில் உறுதி, ஏற்பதில் இளக்கம்.
நீ கேட்ட வழிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே. மோதலைத் தீர்க்கும் நியாயமான வழி ஒன்றை முதலாளி கொடுத்தால் போதும், நீ விரும்பிய வழியையே தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. தனி மைக்ரோவேவ் கேட்டாய், அவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றித் தருகிறார்கள். உன் விரதம் காப்பாற்றப்படுகிறதா என்று மட்டும் பார். அதேபோல் “எங்களுக்குச் சிரமம்” என்று அவர்கள் ஒற்றைச் சொல்லில் கைகழுவவும் முடியாது. 1977 முதல், அற்பச் செலவுக்கு மேல் போனாலே மறுக்கலாம் என்ற நிலைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டேன் என்ற ஒரு தபால்காரரின் வழக்கில், 2023 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். அந்தத் தொழிலின் அளவுக்குக் கணிசமான சுமை என்று முதலாளி காட்டியாக வேண்டும். உன் மதம் சக ஊழியருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சுமைக் கணக்கில் சேராது.

6. பொறுமையாக இரு, நாள் தவற விடாதே.
இரண்டும் ஒன்றல்ல, கண்ணா. சம வேலைவாய்ப்பு ஆணையத்தில், இ.இ.ஓ.சி. என்பார்களே அங்கே, புகார் கொடுக்க 180 நாள் கெடு. மதப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் உள்ள மாநிலமானால் 300 நாள். மத்திய அரசு ஊழியர் என்றால் 45 நாளுக்குள் தங்கள் அலுவலகத்தின் சம வாய்ப்பு ஆலோசகரைப் பார்த்துவிட வேண்டும். ஹெச்.ஆர். விசாரித்துக்கொண்டிருக்கிறதே என்று காத்திருந்து கெடுவைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. ஹெச்.ஆர். எவ்வளவு இனிக்கப் பேசினாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. பிறகு ஆணையம் வழக்குப் போட அனுமதிக் கடிதம் கொடுத்தால், கைக்கு வந்ததிலிருந்து 90 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இந்தத் தேதிகளை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வை.

7. தெரிந்தவரைத் தேடாதே, துறை அறிந்தவரைத் தேடு.
கோயில் கேன்டீனில் தோசைக்காக நிற்கும்போதே நாலு பேர் சட்டம் சொல்வார்கள். அதில் ஒருவர் வீட்டுப் பத்திரம் பார்க்கும் வக்கீலாகவும் இருப்பார். நல்ல மனிதர்தான், உன் விஷயத்துக்கு அவர் உதவ மாட்டார். தொழிலாளி பக்கம் நின்று வேலை வழக்கு நடத்துபவர் வேண்டும். உன் மாவட்ட வழக்கறிஞர் சங்கத்தைக் கூப்பிட்டால் ஆள் காட்டுவார்கள். பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி மையமும், சட்டக் கல்லூரிகள் நடத்தும் உதவி மையமும் இருக்கின்றன. ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. ஒரு முக்கியமான எச்சரிக்கை: உன் விசாவைப் பார்க்கும் வக்கீல் பெரும்பாலும் கம்பெனி அமர்த்தியவர். கம்பெனி மேல் உள்ள குறையை அவரிடம் கொட்டாதே. எந்த வக்கீலானாலும் ஃபீஸ் மணிக்கணக்கா, ஜெயித்தால் பங்கா என்பதைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பி.

8. வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே.
ஒருவன் தன்னைப் பிறவிச் சைவம் என்று வக்கீலிடம் சொல்லியிருந்தான். போன வருஷம் நண்பன் கல்யாணத்தில் சிக்கன் 65 தட்டோடு நிற்கும் அவன் படம் பேஸ்புக்கில் கிடந்தது. அவன் அதற்குப் பிறகுதான் குருவிடம் தீட்சை வாங்கிக் கறியை விட்டிருந்தான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அதுவே அவனுடைய பலம். நம்பிக்கை நடுவில் வரலாம் என்பதைச் சட்டம் ஏற்கிறது. மறைத்ததால் எதிராளி கைக்கு ஆயுதமாகப் போனது. நீ வக்கீலிடம் சொல்வது பூட்டிய பெட்டி. அதே சங்கதியை வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் ஒருநாள் அச்சடித்து உன் முன்னாலேயே வைப்பார்கள். அதற்காகப் பழைய படத்தை அழிக்கவும் கூடாது. அது இன்னும் பெரிய வம்பு.

9. பயத்தில் பணியாதே, ரோஷத்தில் ராஜினாமா செய்யாதே.
அமெரிக்க மண்ணில் வேலை செய்கிறவன் எந்த நாட்டுக் குடிமகனானாலும் இந்தச் சட்டம் அவனுக்கு உண்டு. சலுகை கேட்டதற்காகவோ புகார் கொடுத்ததற்காகவோ பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டாகவே நிற்கும். ஆனாலும் ஹெச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை முடிந்தால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். உன் அப்பாவின் மாத்திரைச் செலவும் உன் தங்கையின் காலேஜ் ஃபீஸும் உன் சம்பளத்தில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆகவே மேலதிகாரி சீண்டிய அன்று அடையாள அட்டையை மேஜை மேல் வீசிவிட்டு வராதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீயாக விலகினால் வழக்கும் இளைத்துப்போகும். வேலையை ஒழுங்காகச் செய். தாமதம், விடுப்பு என்று அவர்கள் கைக்கு வேறு காரணம் கொடுக்காதே. அவர்களாக அனுப்பி, ஒரு தொகையும் கையெழுத்துப் போடக் காகிதமும் நீட்டினால், வக்கீல் படிக்கும்வரை பேனாவைத் திறக்காதே.

10. புதையல் கனவு காணாதே.
நஷ்டஈடு என்றதும் கோடிகளை எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனவேதனைக்கும் தண்டனைக்குமான தொகைக்கு மத்தியச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: சிறிய கம்பெனிக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் உள்ளதற்கு 3,00,000 டாலர். இழந்த சம்பளம் தனி. காலமும் பிடிக்கும். கொலராடோ மாநிலம் கிரீலியில் உள்ள ஜே.பி.எஸ். இறைச்சி ஆலையில், தொழவும் ரமலான் நோன்பு திறக்கவும் இடைவேளை கேட்ட சோமாலிய முஸ்லிம் தொழிலாளர்களின் சச்சரவு 2008இல் வெடித்தது. ஆணையமே அவர்களுக்காக வழக்குப் போட்டும், 55 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது 2021இல். அதனால், இலவசமாக நடக்கும் ஆணையத்தின் சமரசப் பேச்சுக்கு அழைத்தால் முகம் திருப்பாமல் போ. உனக்கு வேண்டியது ஒரு மதியச் சாப்பாட்டு ஏற்பாடு என்றால், அது கிடைத்த அன்றே நீ ஜெயித்தாய்.

11. அடுத்தவன் தட்டைப் பழிக்காதே.
இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைத்தேன். சைவத்துக்கு மரியாதை கேட்டுப் போராடிய ஒருவர், பக்கத்து மேஜைக்காரர் கருவாடு சூடாக்கியபோது மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். அன்றோடு ஆபீசில் அவருக்காகப் பேச ஓர் ஆள் இல்லாமல் போனது. நாளை உன்னோடு வேலை செய்யும் ஒருவர் ஹலாலுக்காகவோ, கோஷருக்காகவோ, பொழுது சாயும் முன் உண்டு முடிக்கும் சமண விரதத்துக்காகவோ ஹெச்.ஆர். கதவைத் தட்டுவார். உனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்ல முன்னால் வந்து நில். அப்படிச் சாட்சி சொல்கிறவனைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. உனக்கு ஒன்று என்றால் பேச வருகிறவர்களும் அவர்கள்தான்.

சரி, இந்த வாரமே அந்த நாலு வரி மின்னஞ்சலை எழுது. அனுப்புமுன் எனக்கு ஒருதரம் காட்டு. கோபம் எட்டிப் பார்க்கிற இடத்தை நான் அடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை