லேத்துக்கு எந்த ஆயில்?

சின்னப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே ஆயில் கேன்தான். வண்டிக்கு ஊற்றி மீந்த என்ஜின் ஆயில் ஹெட்ஸ்டாக்குக்கும் போகும், பெட்டுக்கும் போகும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

என்ஜின் ஆயில் மட்டமான சரக்கு அல்ல, வேறு வேலைக்கானது. அழுக்கைத் தங்கவிடாமல் மிதக்கவைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோக அதில் டிடர்ஜென்ட் சேர்க்கிறார்கள். பழைய லேத் ஹெட்ஸ்டாக்கில் ஃபில்டர் ஏது? மிதக்கும் தூள் பேரிங்குக்குள்தான் போகும். ஹைட்ராலிக் ஆயிலில் தூளும் தண்ணீரும் அடியில் இறங்கிவிடும். வடிகால் பிளக்கைத் திறந்து வெளியேற்றலாம்.

பல லேத்துகளின் ஹெட்ஸ்டாக்குக்கு வி.ஜி. 32 ஹைட்ராலிக் ஆயில் போதும். சிலவற்றுக்கு 46 அல்லது 68 கேட்டிருப்பார்கள். மெஷின் தகட்டில் உள்ளதே முடிவு. வி.ஜி. எண் 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது. எஸ்.ஏ.இ. எண் வேறு கணக்கு: எஸ்.ஏ.இ. 30 ஏறக்குறைய வி.ஜி. 100. 32 கிடைக்கவில்லை என்று 30 வாங்கினால், மூன்று மடங்கு கெட்டியானதை ஊற்றியிருப்பீர்கள். வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்பதையும் நம்ப வேண்டாம். வேகமாகச் சுற்றும் ஸ்பிண்டிலில் கெட்டி ஆயில் கடைபட்டே சூடேறும்.

பெட்டுக்கு வேறு ஆயில். கேரியேஜ் மெதுவாக நகரும்போது ஒட்டி நின்று, பிறகு சட்டென்று தாவும். அளவு அங்கேதான் தவறும். இதைத் தடுக்கவே ஸ்லைடுவே ஆயில்: சர்வோவே 68, மொபில் வேக்ட்ரா 2 போன்றவை. ஹைட்ராலிக் 68-ம் அதே கெட்டிதான். ஆனால் பெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காது, கூலண்ட் கழுவிக்கொண்டு போய்விடும். லீட்ஸ்க்ரூவுக்கும் ஸ்லைடுவே ஆயிலையே விடலாம். பெட்டில் கிரீஸ் மட்டும் தடவாதீர்கள். வார்ப்பிரும்புத் தூள் அதில் ஒட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

வண்டி கியர் ஆயில் 90-ஐ ஏப்ரனில் ஊற்றுபவர்கள் வெண்கலச் சக்கரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த ஆயில்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும்.

கையில் இரண்டுக்குத்தான் காசு என்றால் 32 ஹைட்ராலிக், 68 ஸ்லைடுவே. கேன்களுக்கு வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து வையுங்கள்; ஷிஃப்ட் மாறும் ஆளுக்கும் குழப்பம் வராது.