சிறிய பெட்டியில் பெரிய ஒலி அடங்குமா?

நாமக்கல் மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் பேருந்து மேலே ஏறவேண்டும். மலைமேல் உள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாறு ஆகாயகங்கை அருவியாக விழும் இடத்தை அடையலாம்.

அந்தப் படிகளில் இறங்கும்போது கண்ணைவிடக் காதுக்கே முதல் வேலை. அருவி தெரிவதற்கு முன்பே அதன் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் தொலைவில் கேட்பது ‘ஓ’ என்னும் கனத்த முழக்கம்தான். அருவிக்கு எதிரே போய் நின்ற பிறகே, நீர்த்துளிகள் சிதறும் ‘ஸ்’ என்ற கூரிய ஓசை அதனுடன் நன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

இது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர், வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்கும்போது எளிதில் ஏமாறமாட்டார். எப்படி என்று காண்போம்.

ஒரு குடும்பத்தின் கேள்வி

கொல்லிமலையில் உள்ள செம்மேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடம் 12 அடி நீளம், 10 அடி அகலம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து திரைப்படம் பார்க்கவேண்டும். விடியற்காலையில் தாத்தாவுக்கு நாகசுவரமும் பாட்டுக் கச்சேரியும் கேட்கவேண்டும். பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை. கையில் இருப்பதோ மிளகு விற்ற பணம். தவறான பொருளை வாங்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் 70 வளைவுகள் இறங்கவேண்டும்! படத்துக்கும் பாட்டுக்கும் ஏற்ற சிறிய ஒலிபெருக்கியை இவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

அலையின் நீளம்

ஒரு வினாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். நம் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி காற்றில் வினாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. மலைமேல் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவுதான். ஆனால் ஒலியின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பநிலையே. ஆகவே அதே வெப்பநிலையில் இந்த வேகம் மலைக்கும் பொருந்தும்.

வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

நீண்ட அலைகள் பாறையையும் மரத்தையும் வளைந்து சுற்றிக்கொண்டு வந்துவிடும். குறுகிய அலைகள் தடுக்கப்படும். போதாக்குறைக்கு, நெடுந்தொலைவு செல்லும்போது காற்றும் அவற்றை அதிகமாக உறிஞ்சிவிடும். ஆகாயகங்கையின் முழக்கம் முன்னே வருவதற்கும் சிதறல் ஓசை பின்தங்குவதற்கும் இவையே காரணம்.

வீட்டிலும் இதுவே விதி. உயர்ந்த ஒலிகளைத் தரும் பெட்டி நம் காதை நோக்கி இருக்கவேண்டும். நடுவில் தடை இருக்கக்கூடாது. மிகத் தாழ்ந்த ஒலிகளோ அறை முழுவதும் பரவிவிடும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்வதே நமக்குக் கடினம்.

கூம்பு தள்ளும் காற்று

இன்று நாம் பயன்படுத்தும் சுருள் ஒலிபெருக்கிக்கு வடிவம் தந்தவர்கள் அமெரிக்கப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவர். ஆண்டு 1925. நிலைக்காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனுடன் ஒட்டிய கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளும். அதுவே ஒலி.

இங்கேதான் சிக்கல். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு உரத்த ஒலியைத் தர நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு குவளை காற்று போதும் என்றால், 40 ஹெர்ட்ஸுக்கு நான்கு குவளை வேண்டும். 3 அங்குலக் கூம்பைவிட 8 அங்குலக் கூம்பின் பரப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. அத்தனை காற்றைச் சிறிய கூம்பு எங்கே தள்ளுவது?

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் கலந்தால் தாழ்ந்த ஒலி அழிந்துபோகும். அதைத் தடுக்கவே பெட்டி. ஆனால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றது. பெட்டி சிறிதாகச் சிறிதாக வில் விறைத்துக்கொள்ளும். கூம்பு ஆழ்ந்த ஒலிக்கு இணங்காது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் ஒரு வழி கண்டார். கூம்பின் தாங்கியை மிகத் தளர்வாக்கி, பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலி வந்தது. அதற்கு விலை, கூடுதல் மின்திறன்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்கவேண்டும். இது இயற்கையின் விதி. எந்த விளம்பரத்தாலும் இதை மாற்றமுடியாது.

வேலைப் பங்கீடு

வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதே சிக்கலுக்குத் தீர்வு. சிறு பெட்டிகள் நடுத்தர, உயர்ந்த ஒலிகளைக் கவனிக்கும். ‘சப்வூஃபர்’ எனப்படும் தாழொலிப் பெட்டி ஒன்று ஆழ்ந்த ஒலிகளை ஏற்றுக்கொள்ளும். எந்த அதிர்வெண்ணில் பங்கு பிரிகிறதோ அதைப் பிரிப்பு அதிர்வெண் என்போம்.

1992இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையில் ஆறு ஒலித்தடங்கள் உண்டு: முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, இடி, வெடி போன்றவற்றுக்குத் தனித் தாழொலித் தடம் ஒன்று. இதன் சிறிய வடிவமே வீட்டுத் திரையரங்கு. இசைப் பதிவுகளோ பெரும்பாலும் இரண்டே தடங்கள் கொண்டவை. இந்த இருதட முறைக்கு ஆங்கிலேயரான ஆலன் புளூம்லைன் 1931லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆகவே இசையைப் பொறுத்தவரை முன்னிரு பெட்டிகளின் தரமே முக்கியம்.

பிரிப்பு 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருந்தால் தொல்லையில்லை. ஆனால் 2 அங்குலக் கூம்புள்ள மிகச் சிறிய பெட்டிகளால் அவ்வளவு கீழே இறங்கமுடியாது. அவற்றுக்குப் பிரிப்பை 200 ஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தவேண்டியிருக்கும். ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. அப்படியானால் என்ன ஆகும்? பாடகரின் குரலில் ஒரு பகுதி முன்னாலிருந்தும், இன்னொரு பகுதி மூலையிலுள்ள பெட்டியிலிருந்தும் வரும்! வெடியோசையில் இந்தக் குறை மறைந்துவிடும். தாத்தா கேட்கும் கச்சேரியில் மறையாது.

காது ஏமாறும் இடம்

ஒரு கட்டையில் பாடுபவரின் தம்புராவில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். சிறிய வானொலிப் பெட்டியால் அதைத் தரவே முடியாது. ஆயினும் நமக்கு அந்தச் சுருதி கேட்கிறதே? அந்தத் தந்தி 130, 195, 260 என்று மடங்கு அதிர்வெண்களையும் எழுப்புகிறது. இவற்றைக் கேட்ட மூளை, இல்லாத அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே சுருதி தெரிகிறது என்பதால் மட்டும் ஒலிபெருக்கி நல்லது என்று முடிவு செய்யக்கூடாது. அந்த ஒலியின் கனம் வருகிறதா என்றும் கேட்கவேண்டும்.

இதற்கு நல்ல சோதனைக் கருவி மிருதங்கம். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து நம் நாட்டு முழவுகளின் சிறப்பை ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். சாதாரண முழவின் தோல் எழுப்பும் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருஞ்சோறு அவற்றை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் அதில் சுருதி சேர்க்கமுடிகிறது.

கடையில் மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வலந்தலையின் சொற்கள் மணிபோலத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கியில் சுருதி வழுக்கி ஏறுவது தெரியவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரே மாதிரி ‘டும்’ என்று மட்டும் வந்தால், அது மிருதங்கத்தின் ஒலியன்று, பெட்டியின் ஒலி.

அடுத்து, தெரிந்த ஒருவரின் பாட்டு. இரு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து அவர் பாடுவதுபோல் தோன்றவேண்டும். கடைசியாக, இரைச்சலான ஒரு படக்காட்சி. ஒலியைக் கூட்டாமலே வசனம் விளங்கவேண்டும்.

வாட் கணக்கு

பெட்டியின் மேல் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கணம் எட்டக்கூடும் எனச் சொல்லப்படும் உச்ச அளவு இது. இதை அளக்க எல்லோரும் ஏற்ற முறை ஏதும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்புறச் சீட்டைப் படியுங்கள். மின்சாரத் தேவை 60 வாட் என்று இருந்தால், அந்தக் கருவி தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் ஒலிபெருக்கிகளுக்குத் தரமுடியுமா? ஆற்றல் அழிவின்மை விதியை வகுப்பில் படித்த உங்களுக்கு விடை தெரியும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கப்படும் தொடர்திறனையே கேளுங்கள்.

மேலும், திறனை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். ஒரே திறனில் 84 டெசிபெல் தரும் பெட்டி, 90 டெசிபெல் தரும் பெட்டிக்கு ஈடாக ஒலிக்க நான்கு மடங்கு திறன் வேண்டும்.

அறையும் ஒரு கருவியே

12 அடி என்பது 3.66 மீட்டர். 343ஐ அதன் இருமடங்கால் வகுத்தால் சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்களில் அறையே ஒத்ததிர்ந்து சில இடங்களில் ஒலியைப் பெருக்கும். சில இடங்களில் குறைக்கும். தாழொலிப் பெட்டியை முதலில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து இயக்குங்கள். பிறகு அறையின் ஓரங்களில் தவழ்ந்து சென்று கேளுங்கள். எங்கே தாழ்ந்த ஒலி தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ, அங்கேயே பெட்டியை வையுங்கள். செலவில்லாத திருத்தம் இது! வெறும் சிமெண்டுச் சுவர் எதிரொலித்தால், திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உதவும்.

செம்மேட்டுக் குடும்பம் எதை வாங்கலாம்?

குறைந்த பணத்தில் ஐந்து மிகச் சிறிய பெட்டிகளும் ஒரு தாழொலிப் பெட்டியும் வாங்குவதைவிட, அதே பணத்துக்கு 5 அங்குலக் கூம்புள்ள நல்ல பெட்டிகள் இரண்டை வாங்குவதே மேல். நல்ல அமைப்புடையவை சுமார் 60, 70 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். குரல் சிதறாது, மிருதங்கம் மிருதங்கமாகவே ஒலிக்கும். தொலைக்காட்சிக்கு இருபுறமும் வைத்தால் படத்தின் வசனமும் திரையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். பின்னர் பணம் சேரும்போது தாழொலிப் பெட்டி ஒன்றைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடலாம். இடி முழக்கமும் வீட்டுக்கு வந்துவிடும்.

செய்து பாருங்கள்

பழைய வானொலியிலிருந்து எடுத்த ஒலிபெருக்கி ஒன்றை, மின்கலத்தில் இயங்கும் வானொலியுடன் இணைத்துப் பாட்டைக் கேளுங்கள். ஒலி மெலிந்திருக்கும். பிறகு இரண்டடிச் சதுர அட்டையின் நடுவில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, ஒலிபெருக்கியை அதன்மேல் பொருத்திக் கேளுங்கள். கனம் கூடியிருக்கும். முன்னலையும் பின்னலையும் கலக்காதபடி அட்டை பிரித்துவிட்டது. பிறகு வானொலியை ஓர் அறையில் பாடவிட்டு, கதவுக்கு வெளியே சுவரோரமாக நின்று கேளுங்கள். எந்த ஒலிகள் வளைந்து வருகின்றன, எவை வரவில்லை?

ஆகாயகங்கைக்கு இறங்கும் படிகளில் நின்று கேட்பதும் இதே பாடம்தான்.