பரணில் கிடக்கும் தீர்மானங்கள்



பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருவதாகவும், பூட்டிக் கிடக்கும் பின்கட்டையும் பரணையும் ஒழித்துப் போகியன்று எல்லாவற்றையும் கொளுத்திவிட எண்ணியிருப்பதாகவும், வீட்டைப் போலவே உள்ளமும் வேண்டாதவற்றால் நிறைந்து பாரமாயிருப்பதாகவும் நீ எழுதியிருந்தாய். நீங்கள் வருவதில் எனக்குள்ள சந்தோஷத்தைச் சொல்லவேண்டியதில்லை. கொளுத்துவதைப் பற்றி மட்டும் சற்றுப் பொறுமையாகக் கேள்.

எந்தப் பொருளும் தானாகப் பரண் ஏறுவதில்லை. கால் ஒடிந்த நாற்காலியைச் செப்பனிடுவதா, பிறருக்குக் கொடுப்பதா, விறகாக்குவதா என்ற கேள்விக்கு விடை சொல்ல மனம் ஒருப்படாத நாளில்தான் அதை மேலே ஏற்றி வைக்கிறோம்; ஆகையால் அங்கே குவிந்திருப்பவை பெரும்பாலும் பொருள்களல்ல, நாம் ஒத்திப்போட்ட தீர்மானங்களே. அவற்றைப் பிரித்துப் பாராமல் ஒரே நாளில் நெருப்பிலிடுவது தீர்மானம் செய்வதாகாது. தீர்மானத்துக்கு அஞ்சி ஓடுவதன் மற்றொரு வகையே ஆகும்.

பாராமல் கழித்ததால் நம் நாடு இழந்தது கொஞ்சமன்று. உ. வே. சாமிநாத ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகளைக் கோயில் அதிகாரிகள் ஆகமவிதி என்று நம்பி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று அறிந்து துடித்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர்கள் துஷ்டர்களல்லர்; பழையதைப் பக்தியோடு கழிக்கிறோம் என்றே எண்ணினார்கள். அவற்றுள் எந்தெந்த நூல்கள் அழிந்தன என்று இனி ஒருவராலும் சொல்ல இயலாது. இதற்கு நேர்மாறாக, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் குப்பையென்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரங்களையும் கலியாணப் பத்திரிகைகளையும்கூட வாழ்நாள் முழுவதும் சேகரித்தார். அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அத்தொகுப்பு, கடல் கடந்து போகாமல், சென்னையில் 1994ஆம் ஆண்டு முதல் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்திருக்கிறது. பரணில் உன் பாட்டனாரின் பத்திரிகைக் கட்டுகளும் கணக்கேடுகளும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ள உனக்கு இடமில்லையென்றால் அத்தகைய நூலகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்.

எரிப்பதிலும் காலம் மாறியிருக்கிறது. எங்கள் சிறுபிராயத்தில் போகித் தீயில் விழுந்தவை கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் கிழிந்த முறமுமே. அவை சாம்பலாகி மண்ணோடு சேர்ந்தன. இன்று ரப்பரும் பிளாஸ்டிக்கும் செயற்கை நூல் துணியும் எரிகின்றன. மார்கழி முடிவின் விடியலில் காற்று அசையாது நிற்பதால் அந்த நச்சுப்புகை மேலே போகாமல் பனியோடு கலந்து தங்கிவிடுகிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்கமுடியாமல் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டதை நீ அறிவாய். விமானமாவது வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்த வீட்டுக் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் எங்கே போவார்கள்? உபயோகப்படுவதை உபயோகப்படும்போதே கொடு. பித்தளையைப் பாத்திரக்கடைக்குப் போடு. மற்றதைத் தரம் பிரித்துக் குப்பை வண்டியில் சேர்.

இனி, உள்ளத்தின் பாரம். அதைக் குறித்து நீ இரண்டு வரிதான் எழுதியிருந்தாய். எனினும் கடிதத்தின் உயிர் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறதென்று கண்டேன். மனத்தை வெறுமையாக்கிவிட வேண்டும் என்று பிரயத்தனம் செய்யாதே, அது நடவாது. அங்கே கிடப்பவையும் முடிவுக்கு வராத காரியங்களே: செய்வதாக வாக்களித்துச் செய்யாதது, கேட்க நினைத்துக் கேளாத மன்னிப்பு, உன் கிரகப்பிரவேசத்துக்கு மாமா வராததை நினைத்து நினைத்து வளர்த்த கோபம். அவர் வராததன் காரணத்தை அவரிடமே நீ கேட்டதில்லை. கேட்டறிந்து மன்னிப்பதா, கேளாமலே மன்னிப்பதா என்று இரண்டில் ஒன்றைச் செய். இரண்டும் செய்யாமல் சுமப்பதுதான் உன் உறக்கத்தைக் கெடுக்கிறது. போகிப் பண்டிகையை வீட்டுக்கென்று வைத்த நம் முன்னோர், உறவினரைக் கண்டு பெரியோரின் ஆசியைப் பெறுவதற்கென்றே காணும் பொங்கலையும் வைத்திருக்கிறார்கள். அன்று காலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் வா. வாசலில் நின்று வழக்குரைக்க வேண்டாம். நமஸ்காரம் செய்தால் போதும், பேச்சு தானே வரும்.

ஆனால், உன் தாயாரைப் பற்றிய துக்கத்தையும் அந்தக் குப்பையோடு சேர்த்து எண்ணியிருக்கிறாய். அது தவறு, மகனே. அது கழிக்கத்தக்கதன்று. வருஷங்கள் செல்லச் செல்ல அதன் கனம் தானே குறையும், குறையாவிட்டாலும் குற்றமில்லை. அவளுடைய புடவைப் பெட்டியை நீ தனியே திறக்கவேண்டாம். உன் தங்கைக்கும் அதில் உரிமை உண்டு. நீ கழிக்கலாமென்று நினைப்பதே அவளுக்குப் பொக்கிஷமாயிருக்கக்கூடும். கட்டிக்கொள்ளக் கூடியவற்றை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்ளட்டும். எவற்றை யாருக்கு என்று உன் தங்கையே சொல்லட்டும். மாட்டுப் பொங்கலன்று மாலையில் வருவதாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். நானும் அன்று வந்துவிடுகிறேன். பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா