அசதியா, ரத்தசோகையா? உடம்பு காட்டும் அறிகுறிகளைப் படிப்போம்



மண்ணரைப் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் ஒரு பனியன் கம்பெனியோ, பத்து மெஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டோ இருக்கும். நம்மில் நிறைய பேரோட அம்மாவும் அக்காவும் அங்கேதான் டைலராகவோ, செக்கிங், கைமடி வேலையிலோ இருக்காங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வர்றவங்ககிட்ட "ஏம்மா, இவ்ளோ அசதியா இருக்கீங்க?"ன்னு கேட்டா, "வேலை அப்படி கண்ணு"ன்னு பதில் வரும். சிக்கலே இந்தப் பதில்லதான் இருக்கு. ஊரே களைச்சுப் போயிருக்கிற இடத்தில் ரத்தசோகையும் வேலைக் களைப்பு மாதிரியே ஒளிஞ்சுக்கும்.

இது அபூர்வமான நோய் இல்லை. 2019-21ல் நடந்த 5ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களும் தப்பலை. இந்திய அளவில் அதே வயது ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு இருக்கு.

நமக்குத் தெரிஞ்ச பாணியில் ஒரு கணக்கு

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் இருந்தா, சுமார் 20 மில்லி ஆக்சிஜன். ஓய்வில் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் பண்ணும். ஆக, நிமிஷத்துக்கு 1000 மில்லி சப்ளை. ஹீமோகுளோபின் 9க்கு இறங்கினா, சப்ளை 600 மில்லிதான்.

சும்மா உட்கார்ந்திருக்க உடம்புக்குத் தேவை சுமார் 250 மில்லி. அதனால் கிளாஸ்ல இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. மூணாவது மாடி லேபுக்கு ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அதை ஈடுகட்ட இதயம் வேகமா அடிக்கும். குறைவு மெதுவா வந்தா உடம்பும் பழகிக்கும். "எனக்கு எப்பவுமே இப்படித்தான்"னு சொல்றவங்க பலர் இப்படிப் பழகிப் போனவங்கதான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. தூங்கி எழுந்தும் தீராத அசதி. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தும் திங்கள்கிழமை அதே களைப்புன்னா யோசிங்க.

2. முன்னாடி சாதாரணமா ஏறின படிக்கட்டில் இப்போ மூச்சு வாங்குறது, நெஞ்சு படபடப்பு.

3. எழுந்து நிக்கும்போது தலைசுற்றல், அடிக்கடி தலைவலி, பாடத்தில் மனசு நிக்காம போறது.

4. வெளிறிய நிறம். முகத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க. நாக்கையும் உள்ளங்கை ரேகையையும் பாருங்க. மாநிறமோ கருப்போ, இந்த இடங்களில் வெளிறல் தெரியும். ஆனா லேசான ரத்தசோகை இதில் தெரியாமலும் போகலாம்.

5. எளிதா உடையும் நகம், கரண்டி மாதிரி குழிஞ்ச நகம், வழவழப்பான நாக்கு, வாயோரப் புண்.

6. பச்சரிசி, சாக்பீஸ், மண், ஐஸ் கட்டி திங்கணும்னு ஆசை. இதைக் கிண்டல் பண்ணாதீங்க. இரும்புச்சத்துக் குறைவுக்கு இது முக்கியமான தடயம்.

7. மாதவிடாய் 7 நாளுக்கு மேல நீடிப்பது, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாத்த வேண்டி வருவது. இது அறிகுறி இல்லை, ரத்தசோகைக்கான காரணம். "எல்லாருக்கும் இப்படித்தான்"னு விட்டுடாதீங்க.

சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், மலத்தில் ரத்தம் அல்லது தார் போல கருப்பு மலம்: இதில் எது வந்தாலும் அன்னைக்கே மருத்துவமனைக்குப் போகணும்.

சந்தேகம் வந்தா?

மேலே சொன்னதில் பலவும் தைராய்டுக் குறைவிலும் தூக்கமின்மையிலும்கூட வரும். அதனால் அறிகுறியைப் பார்த்துச் சந்தேகப்படுங்க, டெஸ்ட் எடுத்து முடிவு பண்ணுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 12 கிராமுக்குக் கீழ் இருந்தா பெண்களுக்கும், 11க்குக் கீழ் (கர்ப்பத்தின் நடு மூணு மாதத்தில் 10.5க்குக் கீழ்) இருந்தா கர்ப்பிணிகளுக்கும், 13க்குக் கீழ் இருந்தா ஆண்களுக்கும் ரத்தசோகை.

முழு ரத்தப் பரிசோதனை எடுத்தா அதில் 'எம்சிவி'ன்னு ஒரு எண் இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80 முதல் 100 வரை இயல்பு. அதைவிடக் குறைஞ்சா இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாவோ இருக்கலாம். கூடினா பி12 அல்லது போலிக் அமிலக் குறைவைச் சந்தேகிக்கலாம். காரணம் வேற வேறங்கிறதால கடையில் மாத்திரை வாங்கி நாமே சாப்பிடக்கூடாது.

சாப்பாட்டு விஷயம்

பீட்ரூட் சிவப்பா இருக்குங்கிறதுக்காக அதில் இரும்பு குவிஞ்சு கிடக்கலை. ஆட்டு ஈரல், சுவரொட்டி ரெண்டிலும் நல்லா இருக்கு. சைவம்னா கீரை, பயறு, கொண்டைக்கடலை. இவற்றோட எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தா இரும்பு கூடுதலா உடம்பில் சேரும். டீ இதுக்கு நேர் எதிர். கம்பெனி டீ டைமை நிறுத்தச் சொல்லலை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தா மலம் கருக்கும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் தொடரச் சொல்வாங்க. நடுவில் நிறுத்தாதீங்க.

இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வெச்சு கீழ் இமையைப் பாருங்க. வெளிறி இருந்தாலும் சரி, இல்லைனாலும் அசதி தீராம இருந்தாலும் சரி, ஒரு நாள் கூடவே போய் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அரைநாள் சம்பளம் போயிடும்னு சொல்வாங்க. மேலே போட்ட கணக்கை அவங்களுக்கும் சொல்லுங்க: 1000 வேண்டிய இடத்தில் 600தான் வருது, மீதிக்கு இதயம்தான் ஓவர்டைம் பார்க்குது.