மின்தடையும் சைபர் தாக்குதலும்: காரணம் காண்பதில் சில ஐயங்கள்

பெங்களூரு ஈஜிபுராவின் ஒரு தெருவில் மின்சாரம் நின்றால், பெஸ்காம் ஊழியர் மின்மாற்றியையும் ஃபியூஸையும் சோதிப்பர். ஒரு மாநகரமே இருளுமாயின், சோதனைக்கு முன்பே பகை நாட்டின் கைவரிசை என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மும்பை நிகழ்ச்சியைக் கொண்டு ஆராயலாம்.

2020 அக்டோபர் 12 அன்று காலை மும்பையில் மின்சாரம் தடைப்பட்டுப் புறநகர் ரயில்கள் நின்றன. 2021 பிப்ரவரி இறுதியில், ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்னும் அமெரிக்க நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்திய மின்துறை அமைப்புகள் பத்தின் கணினிகள், சீனத் தொடர்புடையதெனக் கருதப்படும் ஒரு குழுவின் கணினிகளோடு தொடர்பிலிருந்ததாக அது கூறியது. ஐந்து மண்டல மின்சுமைக் கட்டுப்பாட்டு மையங்களுள் நான்கு இதில் அடங்கும். பெங்களூரிலுள்ள தென்மண்டல மையம் அவற்றுள் ஒன்று. மும்பைத் தடையோடு இதற்குள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்று அவ்வறிக்கையே குறிப்பிட்டிருந்தது. எனினும் செய்தித் தலைப்புகளில் இரண்டும் ஒன்றாயின. மார்ச் தொடக்கத்தில் மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் நாசவேலைக்கு அறிகுறி உண்டென்றார். மத்திய மின்துறை அமைச்சரோ மனிதத் தவறே காரணமென்றார்.

அயலார் நுழைந்தனரா என்பது ஒரு வினா. மின்சாரம் ஏன் நின்றது என்பது வேறு வினா. முன்னதற்குக் கணினிப் பதிவுகள் சான்று. பின்னதற்கு, எந்த மின்தடம் எந்த நொடியில் துண்டிக்கப்பட்டது என்னும் ரிலே பதிவுகளே சான்று. நுழைந்தவர் யார் என்பதோ இவற்றினும் கடினமானது. அப்போது பேசப்பட்ட ஷேடோபேட் என்னும் ஊடுருவல் நிரல் பல குழுக்களிடம் புழங்குவது. கருவி கிடைத்ததால் மட்டும் ஆள் அகப்பட்டதாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தில் தாக்குதல் நிகழ்ந்தது என்ற செய்தியை அணுமின் நிலையத்தார் மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்குரிய கணினியொன்றில் ஊடுருவல் நிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. சேர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே இதனைத் தெரிவித்திருந்தது. உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்பது ஊடுருவலே இல்லை என்பதாகிவிடாது.

காரணம் தவறினால் செலவும் திசைமாறும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் யாரும் தாக்காமலேயே வட இந்தியா இருண்டது. பீனா–குவாலியர் தடத்தின் மிகைச்சுமையில் தொடங்கி, இரண்டாம் நாள் மூன்று மண்டலங்களின் மின்தொகுப்புகள் வீழ்ந்தன. சைபர் தாக்குதல் காரணமாகாது என்று விசாரணைக் குழு கண்டது. ஒழுங்கும் பாதுகாப்பு ரிலேக்களும் கேட்கும் பணத்தை அத்தகைய வீழ்ச்சிக்குப் பின் வேறெதற்கோ ஒதுக்குவது சிக்கனமாகாது. தென்மண்டலம் அன்று தப்பியது, அது தனித்தியங்கியமையால். 2013 டிசம்பர் 31 முதல் அதுவும் தேசியத் தொகுப்போடு ஒரே அலைவெண்ணில் இணைந்துள்ளது.